ஐம்பது நிமிடத் தூரம்

பிலோமினாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஒரு வியாழக்கிழமை. பிப்ரவரி மாதம். மூன்று நாளாக விட்டு விட்டு வந்த காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி, மூச்சு விடும்போதெல்லாம் உலை கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது. மகன் கிளமெண்ட் பரவையிலிருந்து ஆட்டோ பிடித்துத் திண்டுக்கல் சாலையில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். நிமோனியாதான், சர்க்கரை இருப்பதால் மருந்து கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்கும், அஞ்சாறு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

கிளமெண்டுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அப்பா ஆசீர்வாதம் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடப் பிறந்தவள் ஒரே தங்கை, ஜெனி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நர்ஸ் படிப்பு முடித்து மதுரையில் கொஞ்ச நாள், சவுதியில் ஏழு வருஷம் என்று வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கேயும் பட்டணத்தில் இல்லை. நாட்டின் வடகோடியில், மரம் என்று ஒன்றுகூட முளைக்காத கடற்கரையில், ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற ஊரில், சுகாதார நிலையத்தில் இருந்தாள். அந்த ஊருக்கு ரோடு கிடையாது, ரயில் கிடையாது. கோடையில் இரண்டு மாதம் கப்பல் வரும். மற்றபடி போக்கும் வரத்தும் சின்ன விமானத்தில்தான். ஊர்ப் பெயர் வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. பிலோமினாள் அதை 'ஐஸ் ஊர்' என்று சொல்லத் தொடங்கி, பிறகு சொந்தக்காரர்கள், கோயில் ஜனங்கள் எல்லாருக்கும் அது ஐஸ் ஊர் என்றே ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனதும் பிலோமினாள் மூக்கிலிருந்த ஆக்சிஜன் மூடியைக் கையால் ஒதுக்கினாள்.

"ஜெனிக்குச் சொன்னியாய்யா?"

கிளமெண்ட் அம்மாவின் போர்வையைச் சரிசெய்தபடியே, சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

"வரச் சொன்னியா?"

"வாராம்மா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவள் மூடியைத் தானே மறுபடி வைத்துக்கொண்டாள்.

அவன் ஜெனிக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசீர்வாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, கிளமெண்ட் பதறிப்போய் அழுதுகொண்டே போன் பண்ணிவிட்டான். ஜெனி அவசர விடுப்பில் ஓடி வந்தாள். அவள் வந்து இறங்கியபோது மணிக்கட்டில் ஒரு கட்டோடு அப்பாதான் வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கினார். வீடே சிரித்தது, அவளும் சிரித்தாள். ஆனால் திரும்பிப் போகிற அன்று அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தடவ கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டுச் சொல்லுண்ணே. நான் கெளம்புனா எனக்குப் பதிலா இன்னொருத்தர வெளியூர்லருந்து பிளேன்ல கொண்டாரணும். அதுவரைக்கும் அங்க உள்ளவகளுக்கு ஒருத்தரும் கெடையாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அது அவன் மனசில் தங்கிவிட்டது.

ஆகவே அன்று அம்மா கண்ணை மூடியபிறகு அவன் கீழே இறங்கி, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தான். ஐஸ் ஊர் விமான நிலையத்துக்கும் அதற்கு அடுத்த பெரிய ஊரான இக்கலூவிட்டுக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தேடினான். வரைபடத்தில் வளைந்த ஒரு சின்னக் கோடு வந்தது. நேர்தூரம் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம். அவனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு தெம்பு வந்தது. மதுரையிலிருந்து பஸ்ஸில் கோயம்புத்தூர் போகிற நேரத்தில் அங்கே மூன்று முறை போய் வந்துவிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்தான். அங்கிருந்து ஒட்டாவா மூன்று மணி நேரம். அப்புறம் டொரண்டோ, டில்லி, சென்னை, மதுரை. நடுவில் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்துக் கூட்டினால் முப்பத்தொன்பது மணி நேரம். இரண்டு நாள்கூட இல்லை. அம்மாவுக்கு ஏதாவது கூடினால் அப்போது சொன்னால் போதும், எப்படியும் வந்துவிடுவாள். டீயைக் குடித்துவிட்டு அவன் மேலே போனான்.

சனிக்கிழமை பிலோமினாளுக்குக் காய்ச்சல் குறைந்திருந்தது. இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். ஜெனி எதில் வருகிறாள், எப்போது வருகிறாள் என்று கேட்டாள். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றான் கிளமெண்ட். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து வந்த ஆசீர்வாதத்தைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். படுக்கை விரிப்பு மாற்ற வந்த நர்ஸிடம், என் மகளும் உன்னை மாதிரி நர்ஸ்தான், இன்னைக்கோ நாளைக்கோ வாரா, பேசிப் பாரு என்றாள். மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தலையை வாரிவிடச் சொன்னாள். இப்படிப் பரட்டையாகக் கிடந்தால் ஜெனி வந்து சத்தம் போடுவாளாம். கிளமெண்டின் மனைவி சமைத்துக் கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தாள்; அவனுக்குச் சடை போடத் தெரியாது. வாரி, ரப்பர் பேண்டை மாட்டிவிட்டான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அரைமணி நேரத்தில் உதடு நீலம் பாரித்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏழு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, வெளியூரில் பிள்ளைகள் யாரும் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றார்.

கிளமெண்ட் உடனே ஜெனியைக் கூப்பிட்டான். அங்கே அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. அவன் சொன்னதையெல்லாம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஆக்சிஜன் அளவு என்ன, என்ன மருந்து போகிறது, சிறுநீர் போகிறதா என்று நர்ஸாகவே கேட்டாள். எப்போதிருந்து இப்படி என்று கேட்டபோது அவன், ரெண்டு மூணு நாளாகக் காய்ச்சல் இருந்தது, திடீரென்று கூடிவிட்டது என்றான். அவள் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து, "ஆனா இங்க ராத்திரியிலருந்து காத்து அடிக்குதுண்ணே" என்றாள்.

காற்று என்றால் எப்படிக் காற்று என்று கிளமெண்டுக்குத் தெரியாது. ஆடி மாதம் வாடிப்பட்டிப் பக்கம் பைக்கில் போகும்போது சட்டையைப் பறக்கவிடுகிற காற்றுதான் அவனுக்குத் தெரிந்தது. மறுநாள் அவள் ஜன்னலை வீடியோவில் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. சுவரில்லை, தெருவில்லை, வானமில்லை. பாலை ஊற்றிவைத்ததுபோல வெள்ளை. அந்த ஊருக்கு இருபுறமும் மலை எழுந்து நிற்க, நடுவில் குறுகலான கடல். அந்த இடுக்குக்குள்ளே இறங்கித்தான் ஓடுபாதையைப் பிடிக்க வேண்டுமாம். கண் தெரியாமல் எந்த விமானியும் இறங்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை விமானமும் திங்கட்கிழமை விமானமும் ரத்தாயின.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்குப் பிலோமினாள் இறந்துபோனாள்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஜெனி வரட்டும் என்று ஆசீர்வாதம் சொன்னார்.  பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் குளிக்கவும் சாப்பிடவும் மட்டும் எழுந்தார். செவ்வாய்க்கிழமை விமானம் ரத்து. புதன்கிழமையும் ரத்து. பெட்டியின் மோட்டார் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போனால் என்ன செய்வது என்று பயந்து, கிளமெண்டின் சிநேகிதன் விருமாண்டி எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். அந்த வாரம் சவாரிக்கே போகாமல் இந்த வீட்டிலேயே கிடந்தான்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஜெனி எங்கே வந்துகொண்டிருக்கிறாள்? இன்னும் கிளம்பவில்லை என்று சொன்னால் யாருக்கும் விளங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு நாளில் வருகிறார்களே என்றார்கள். பதினாலாயிரம் கிலோமீட்டர் வந்துவிடலாம், முதல் முந்நூறைத்தான் தாண்ட முடியவில்லை என்று கிளமெண்ட் திரும்பத் திரும்ப விளக்கினான். விளக்கி முடித்ததும் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அங்கே காற்று கொஞ்சம் அடங்கியது. இக்கலூவிட்டிலிருந்து விமானம் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது. நம்மூரில் இரவு எட்டரை மணி. வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் கிளமெண்டைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி ஜெபமாலையை எடுத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து ஜெனி கூப்பிட்டாள்.

"வந்துச்சுண்ணே. தலைக்கு மேல சத்தம் கேட்டுச்சு. ரெண்டு சுத்துச் சுத்துச்சு. பெறகு சத்தம் தேஞ்சுபோச்சு. திரும்பிப் போயிட்டாங்க."

 கிளமெண்ட் போனை அப்பாவிடம் கொடுத்தான். ஆசீர்வாதம் காதில் வைத்துக்கொண்டு, சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொன்னார். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடக்கம் பண்ணச் சொல்லுதா" என்றார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எடுத்தார்கள். பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும்போது விருமாண்டி கைபேசியைக் குழிக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அங்கே விடியாத காலை ஐந்தரை மணி. திரையில் ஜெனியின் முகம் தெரியவில்லை. விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தாள். மண் போட்டு முடிந்து எல்லாரும் கலைந்தபிறகும் அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. விருமாண்டிதான், "தங்கச்சி, வச்சுரவா?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

அன்றே அங்கே வானம் வெளுத்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. ஒவ்வொரு ஊரிலும் இறங்கி ஏறும்போது ஒற்றை வரியில் சேதி அனுப்பினாள். ஒன்றும் தாமதமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு மதுரையில் வந்து இறங்கினாள். சரியாக முப்பத்தொன்பது மணி நேரம்.

விமான நிலைய வாசலில் கிளமெண்ட் அதைக் கூட்டிப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். அம்மா கேட்ட அந்த வெள்ளிக்கிழமையே அவளுக்குச் சொல்லியிருந்தால் போன ஞாயிறு இதே நேரத்துக்கு இதே வாசலில் வந்து நின்றிருப்பாள். அம்மா தலைவாரச் சொன்ன நேரம் அது. அதற்கப்புறம் மூன்றரை மணி நேரம் அம்மா பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

ஜெனி முழங்கால்வரை தொங்குகிற கனத்த கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அழவில்லை. விருமாண்டி பெட்டியை வாங்கிக் காரில் வைத்தான். வீட்டுக்குப் போகவேண்டாம், முதலில் அம்மாவைப் பார்த்துவிடலாம் என்றாள். கார் நான்குவழிச் சாலையில் ஏறித் திருப்பரங்குன்றம் மலையைத் தாண்டியது. அப்புறம் அவளாகவே பேசினாள்.

"நீ போன் பண்ணுனதுக்கு முந்துன வெள்ளிக்கிழம நான் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தேண்ணே. நெறமாசக்காரி ஒருத்தியப் பிரசவத்துக்குப் பெரிய ஊருக்கு ஏத்திவிடப் போனேன். பிளேன் படிவரைக்கும் போனேன். மூணு சீட்டு காலியாக் கெடந்துச்சு. கூட வாரியான்னு பைலட்டு சும்மா கேலிக்குக் கேட்டான்." கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "நான் சிரிச்சுட்டு வந்துட்டேன்."

விருமாண்டி கண்ணாடி வழியாகக் கிளமெண்டைப் பார்த்துவிட்டு, பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.  அவள் யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. தான் சொல்லாமலே விட்டுவிட்டால் இது காற்றின் மேலேயே போய்விடும். ஊரில் எல்லாரும் காற்றைத்தான் சொல்கிறார்கள். சாகிறவரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சமயநல்லூர் திரும்புகிறவரை கிளமெண்ட் இதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் விருமாண்டி காரிலேயே இருந்துகொண்டான். குழிமேட்டில் மாலைகள் கருகிக் கிடந்தன. நட்டுவைத்த மரச் சிலுவையில் பெயிண்ட் இன்னும் ஒட்டியது. ஜெனி செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் கையை வைத்தாள். வெயிலில் மண் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"ஜெனி, அம்மா ஒன்ன வரச் சொல்லுச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையே சொல்லுச்சு. நீ காருல சொன்னியே, அந்த வெள்ளிக்கிழம. நான்தான் ஒனக்குச் சொல்லல."

"எத்தன மணிக்கு?"

"சாயங்காலம் ஆறு."

அவள் உதடு அசையாமல் கணக்குப் போட்டாள். "எனக்குக் காலைல ஏழர. டூட்டிக்குக் கெளம்பிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள். பிறகு, "பன்னெண்டு மணிக்குத்தான பிளேன்" என்றாள்.

அவன் டீக்கடையில் உட்கார்ந்து தேடியதை, ஐம்பது நிமிடம் என்று போட்டிருந்ததை, எப்போது சொன்னாலும் வந்துவிடுவாள் என்று தான் நம்பியதை எல்லாம் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதை எடுத்தால் பழியை அவள் மேல் போடுவதாகிவிடும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் அவளுக்கே அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பொறுத்துப் பாத்துட்டுச் சொல்லச் சொன்னது நான்தானே என்று மெல்லச் சொன்னாள். சொன்ன குரலில் சமாதானம் எதுவும் இல்லை.

"அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"வாரான்னு சொன்னேன்."

"நம்புச்சா?"

"நம்புச்சு. நர்ஸ்கிட்டயெல்லாம் சொல்லுச்சு. ஞாயித்துக்கெழம தலைய வாரிவிடச் சொல்லுச்சு, இல்லேன்னா நீ வந்து வைவியாம்."

அப்போதுதான் அவள் அழுதாள். குனிந்து, நெற்றி மண்ணில் படுகிற மாதிரி அழுதாள். கிளமெண்ட் தோளைத் தொடப் போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அவன் நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

பத்து நாள் இருந்தாள். அடக்கப் பூசை முடிந்துபோயிருந்ததால் அவளுக்காக இன்னொரு பூசை வைத்தார்கள். அப்பாவுக்கு மாத்திரைகளை வேளை வேளையாகப் பிரித்துவைத்தாள். அம்மாவின் சேலைகளை அக்கம்பக்கத்தில் கொடுத்தாள்; ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அண்ணனிடம் சாப்பிட்டியா, கதவைச் சாத்து என்கிற அளவில் பேசினாள். ஒருநாள் அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்பாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. அவன்தான், அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பாவிடமும் சொன்னான்.  ஆசீர்வாதம், "எனக்கும் அன்னைக்குக் கூப்பிடணும்னு தோணுச்சு. நீ சொல்லியிருப்பேன்னு இருந்துட்டேன்" என்றார்.

புறப்பாட்டு வாசலில் ஜெனி அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பெட்டியை இழுத்துக்கொண்டு நாலடி போனவள் திரும்பி வந்து கிளமெண்டின் முன்னால் நின்றாள்.

"அப்பாவுக்கு எதுன்னாலும் சொல்லிரு. சின்னதா இருந்தாலும் சொல்லிரு. வாரதா வேணாமான்னு நான் பாத்துக்கிடுதேன். நீ நேரத்தக் கூட்டிப் பாக்காத."

அவன் சரி என்றான். அவள் உள்ளே போனாள்.

அதற்கப்புறம் அவள் அப்பாவின் போனுக்குத்தான் கூப்பிட்டாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு. பக்கத்து அறையில் உட்கார்ந்து கிளமெண்ட் அவள் குரலைக் கேட்பான், வார்த்தை விளங்காது. அண்ணனிடம் கொடுக்கட்டுமா என்று அப்பா கேட்பதும், அதற்கப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விடுவதும் விளங்கும். ஈஸ்டர் போனது. பள்ளிக்கூடம் லீவு விட்டுத் திறந்தது.

ஜூன் கடைசியில் ஒருநாள் மாலை ஆசீர்வாதத்துக்கு உடம்பு சுட்டது. கிளமெண்ட் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, மனைவி சுக்குக் காப்பி போடட்டுமா என்று கேட்டதற்கும் பதில் சொல்லாமல் ஜெனியைக் கூப்பிட்டான். நாலு மாதத்தில் அவன் அவளைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. அவள் உடனே எடுத்தாள்.

"அப்பாவுக்குக் காய்ச்சல்" என்றான்.

"எம்புட்டு?"

"நூறு புள்ளி நாலு."

இருமல் இருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறாரா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் அப்பாவைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னான். ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.

"நான் கெளம்பவா?"

"தெரியல ஜெனி" என்றான் அவன். "சாதாக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கு. ஆனா எனக்குத் தெரியல."

 அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பிள்ளை அழுகிற சத்தமும், அவனுக்கு விளங்காத பாஷையில் யாரோ அதைத் தேற்றுகிற சத்தமும் கேட்டன.

"நாளைக்குக் காலைல பாத்துட்டுக் கூப்பிடு. எனக்கு ராத்திரியா இருந்தாலும் கூப்பிடு" என்றாள்.

அவன் கூப்பிட்டான். காய்ச்சல் விட்டிருந்தது. அதைச் சொன்னான். சரி என்றாள். அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றான். அதற்கும் சரி என்றாள். அதற்குமேல் சொல்வதற்கு அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் போனை வைக்கவில்லை.